முழங்கையைப் பிடிச்சுக்கங்க

மார்ச் 11, செவ்வாய். இன்று ஒரு சின்னத் தவறு. நாளை யாருக்குத் துணையாகப் போகிறேன் என்று பலீலா மிஸ்ஸிடம் கேட்க மறந்துவிட்டேன். ‘பூனாகலை, மேல் லயம், தம்பையா வீடு’ என்று மட்டும் எழுதிக்கொண்டேன். வீடு தெரிந்தால் ஆளும் தெரியும். பெரிய தவறாக இருக்காது.

நிரஞ்சலா இதை எழுதிவிட்டு, ‘இருக்காது’ என்பதன் கீழே கோடு போட்டாள். கோடு போட்ட பிறகுதான் சந்தேகம் வந்தது.

பார்வை இழந்தவர்களுக்கும், பார்வையோடு செவியும் இழந்தவர்களுக்கும் துணைபோகப் பழக்கும் மாலை வகுப்பு ஒன்றைப் பதுளையில் பலீலா மிஸ் நடத்தி வந்தார். நிரஞ்சலாவுக்கு நாளைதான் முதல் நேரடிப் பயிற்சி. துணை பெற்றவர் “இந்தப் புள்ளையே வரட்டும்” என்று சொன்னால் வேலை. சொல்லாவிட்டால் மறுபடியும் அதே வகுப்பு, முதல் பாடத்திலிருந்து.

மறுநாள் காலை அவள் அதிகம் தேட வேண்டியிருக்கவில்லை. தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான மேல் லயத்தில், தம்பையா வீட்டு வாசலில், கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருவர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

பாடத்தில் சொன்னபடி அவருடைய புறங்கையை மெல்லத் தொட்டாள். “ஐயா, நான் நிரஞ்சலா. பதுளையிலேருந்து உங்களுக்குத் துணையா வந்திருக்கேன்.”

“எனக்கா?” என்றார் தம்பையா.

உள்ளேயிருந்து அவர் மனைவி நல்லம்மா சிரிக்கும் சத்தம் கேட்டது. “ஒங்களுக்குத்தான். பேசாம ஒக்காருங்க. ஒரு நாளைக்காவது வேற யாராவது ஒங்கள மேய்க்கட்டும்.”

சொல்லிக்கொண்டே நல்லம்மா அடுப்பை ஊதினாள், ரொட்டியைப் புரட்டினாள், உள்ளே நுழைந்த கோழியை விரட்டினாள். விளிம்புவரை ஊற்றிய தேத்தண்ணியை ஒரு சொட்டுச் சிந்தாமல் கொண்டுவந்து நீட்டினாள்.

நிரஞ்சலா ரொட்டித் தட்டையும் வாங்கித் தம்பையாவின் மடியில் வைத்தாள். “ஐயா, தட்டை ஒரு கடிகாரம்னு நெனைச்சுக்கங்க. பன்னெண்டு மணியில ரொட்டி இருக்கு. ஆறு மணியில சம்பல்.”

“சம்பலுக்குச் சாயந்தரம் வரைக்கும் பொறுக்கணுமா?” என்று பரிதாபமாகக் கேட்டார் தம்பையா.

நல்லம்மாவுக்குத் திருவிழாச் சேலை வாங்க மூவரும் பண்டாரவளைக்குக் கிளம்பினார்கள்.

“என் முழங்கையைப் பிடிச்சுக்கங்க, ஐயா. நான் அரை அடி முன்னால போவேன்.”

தம்பையா பிடித்துக்கொண்டார். நல்லம்மா பின்னால் நின்று அவருடைய தோளைப் பிடித்துக்கொண்டாள். மூன்று பெட்டி ரயில் மெல்ல நகர்ந்தது. எவ்வளவு அன்பான மனைவி என்று நிரஞ்சலாவுக்கு நெஞ்சு நெகிழ்ந்தது.

“இப்ப ரெண்டு படி எறங்குது. இங்க சறுக்கும், பாத்து. எடது பக்கம் கான் இருக்கு.”

தண்ணீர் ஓடும் அந்தக் கான் இருப்பது அவருக்கு விளங்கியதா என்று திரும்பிப் பார்த்தபோது, அதற்குள் விழுந்தது அவள்தான்.

“இந்தக் கான்தானே?” என்றார் தம்பையா.

தண்ணீர்ச் சத்தம் வந்த பக்கம் குனிந்த நல்லம்மாவின் கையில் முதலில் சிக்கியது நிரஞ்சலாவின் சடை. அப்புறம் தோள். கொழுந்துச் சாக்கைத் தூக்குவதுபோல ஒரே இழுப்பில் கரையில் நிறுத்தினாள்.

எதிர்க்கடை ஸைனப் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். “என்னது, இன்னைக்கு விழுற ஆள் மாறிப்போச்சு?”

“பண்டாரவளை பஸ் வருது. நல்ல கூட்டம்,” என்றார் தம்பையா. பஸ் அப்போதுதான் தூரத்து வளைவில் திரும்பியது.

நிரஞ்சலாவுக்கு மெய்சிலிர்த்தது. கண் போனால் காது தானாகக் கூர்மையாகிவிடும் என்பது தப்பான எண்ணம் என்று மிஸ் சொல்லியிருந்தார். மிஸ்ஸுக்கும் தவறு நேரலாம்.

பஸ்ஸில் ஓர் இளைஞனை எழுப்பித் தம்பையாவை ஜன்னலோரம் உட்காரவைத்தாள். நல்லம்மா கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டே வந்தாள்.

துணிக்கடையில் நல்லம்மா ஒரு சேலையின் முந்தானையை விரல்களால் தேய்த்துப் பார்த்தாள். “இது என்ன கலரு, புள்ள?”

“கொஞ்சம் பொறுங்கம்மா, ஐயாவுக்குக் கடையை விளக்கிக்கிட்டு இருக்கேன். ஐயா, எதிர்ல ஒரு தூண்.”

“தெரியுது.”

“ரொம்ப நல்லா உணர்றீங்க.”

நல்லம்மா இன்னொரு முறையும் கேட்டாள். அதற்குள் நிரஞ்சலா மின்விசிறியை விளக்கத் தொடங்கியிருந்தாள். “சரி, துணி நல்லாருக்கு. இதையே கட்டிக் குடுங்க,” என்றாள் நல்லம்மா.

திரும்பி வந்து ஸைனப் கடையருகே இறங்கியதும் நல்லம்மா மூச்சுவிட்டாள். “நாளைக்கும் வாம்மா. இன்னைக்குத்தான் இந்த மனுசன் மெதுவா நடந்தாரு.”

வேலை கிடைத்துவிட்டது. நிரஞ்சலாவின் கால்கள் தரையில் இல்லை. அப்போது தம்பையா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, கடைச் சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் படித்தார். “தீமிதிப்பு வெள்ளிக்கிழமையாமே.”

“ஐயா, உங்களுக்குக் கண்ணு தெரியுமா?”

“தெரியாம? பெரட்டுல, வேல ஆளுங்க பேர தெனம் காலையில வாசிச்ச கங்காணி நான். இந்தக் கண்ணாடி மகன் கொழும்புலேருந்து வாங்கியாந்தது. எடுப்பா இருக்குல்ல?”

“அப்ப ஏன் என் முழங்கையைப் பிடிச்சீங்க?”

“நீதானே பிடிக்கச் சொன்ன?”

நிரஞ்சலா தலையில் அடித்துக்கொண்டாள். இவர் வேறு ஏதோ தம்பையா; வீடு மாறிவிட்டது. எங்கோ ஒரு லயத்து அறையில் ஓர் ஆள் காலையிலிருந்து தனக்காகக் காத்துக்கொண்டிருக்க வேண்டும். “அது இல்ல புள்ள...” என்று நல்லம்மா தொடங்கியதைக்கூடக் கேட்காமல் கடைக்குள் ஓடினாள்.

“அக்கா, மேல் லயத்துல கண்ணு தெரியாதவங்க யாரு? எந்த வீடு? பாவம், காலையிலேருந்து தனியா இருப்பாங்க.”

ஸைனப் சீனி நிறுப்பதை நிறுத்தவில்லை.

“தனியாவா? காலையில ஒன்னைய கான்லேருந்து தூக்கிவிட்டாங்களே நல்லம்மாக்கா, அவங்கதான்.”

மார்ச் 12, புதன். நாளை: சேலை கத்தரிப்பூ நிறம் என்று நல்லம்மாவிடம் சொல்வது. பிடிக்கவில்லை என்றால் அவரோடு கடைக்குப் போய் மாற்றுவது.