ஏழு பங்கும் ஒரு கொண்டியும்

"இந்த ஹஜ்ஜுப் பெருநாளைக்கும் ஒரு மாட்டில எட்டுப் பேர் ஏறினா, நான் இனிக் கம்பியூட்டரையே தொடமாட்டன்!"

பள்ளிவாசல் நிர்வாகத்துக்கு முன்னால் சத்தியம் பண்ணிவிட்டு வந்தார் கம்பியூட்டர் வாத்தியார் மர்ஸூக் சேர். வீட்டுப் படியேறும்போதுதான் உறைத்தது. எட்டாவது ஆளை எப்படித் தடுப்பது என்பது அவருக்கு இன்னும் தெரியாது.

விஷயம் இதுதான். பெருநாளில் அறுக்கிற குர்பான் மாட்டுக்கு ஏழு பங்கு. எட்டாவது ஆள் சேர்ந்தால் அந்தக் குர்பானே கூடாது. புத்தளத்தில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரிந்த சட்டம். பங்குக்குப் பெயர் பதிய, போன வருஷம் சேர் ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்தார். பள்ளியில் ஆம்பிளைப் பக்கம் ஒரு கம்பியூட்டர், பொம்பிளைப் பக்கம் ஒன்று. பன்னிரண்டாம் மாட்டில் ஆறு பேர். அந்தப் பக்கமும் 'ஒரு இடம் இருக்கு' என்றது, இந்தப் பக்கமும் 'ஒரு இடம் இருக்கு' என்றது. ரெண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பெயரைப் பதிந்தார்கள். பெருநாள் காலையில் எட்டுக் குடும்பம் இறைச்சிக்குப் பையோடு வந்து நின்றது. பள்ளித் தலைவர் நூஹு ஹாஜியார் ஓடிப்போய் எட்டாவது குடும்பத்துக்கு ஆடொன்றைப் பிடித்து வந்து மானத்தைக் காப்பாற்றினார்.

யாரிடம் கேட்பது? ஊருக்கே கம்பியூட்டர் வகுப்பு நடத்துகிற மனுஷன். கேட்டால் மரியாதை போய்விடும். கேட்க வீட்டிலேயே ஒருத்தி இருந்தாள், மனைவி ஹஃபீலா. இவரைவிட நன்றாகப் படித்தவள். நாலு வருஷத்துக்கு முன் டவுனில் ஒரு கம்பெனி அவளை வேலைக்குக் கூப்பிட்டது. "வீட்டுக்கு ஒரு கம்பியூட்டர்காரன் காணும், ரெண்டு வேணாம்" என்று அந்தக் கடிதத்தை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார் சேர். மூன்று நாள் அழுதாள். நாலாம் நாள் நிறுத்திவிட்டாள். அந்த நாலாம் நாளுக்குத்தான் அவர் பயந்திருக்க வேண்டும். பாவி மனுஷன், நிம்மதியாகச் சோறு தின்றார்.

இணையத்தில் தமிழ்ப் புரோகிராம்காரர்கள் கூடிக் கதைக்கிற குழு ஒன்று இருந்தது. அதில் 'கடற்சிங்கம்' என்ற பெயரில் ஒளிந்துகொண்டு எழுதினார்: "திரெட் சேஃப்டி எண்டா என்ன? ரெண்டு பேர் ஒரே நேரத்தில பேர் பதிஞ்சா எண்ணிக்கை பிழைக்குது. ஒரு நண்பருக்காகக் கேக்கிறன்."

பின்னேரம் அஸர் தொழுகைக்குள் பதில் வந்தது. எழுதியவர் பெயர் 'உப்புக்கல்'.

"தம்பி சிங்கம், வீட்டில குளிக்கிற அறை இருக்கா?"

"ஓம் நானா." 'தம்பி' என்றவரை மூத்த ஆம்பிளையாகவே எடுத்துக்கொண்டார் சேர்.

"கதவுக்குக் கொண்டி இருக்கா?"

"உடைஞ்சு மூணு வருஷம்." நண்பரை மறந்தே போனார் சேர்.

"அப்ப உள்ள ஆள் இருக்கிறது எப்பிடித் தெரியும்?"

"மனிசி உள்ள இருந்து இருமுவா."

"இரும மறந்தா?"

"பிரச்சினைதான் நானா."

"அதுதான் உங்கட புரோகிராமும். இடம் இருக்கா எண்டு பாக்கிறதும் பேரை எழுதுறதும் ஒரே அறைக்குள்ள நடக்கோணும். முதல் வந்தவர் கொண்டியப் போடோணும். அவர் எழுதி முடிச்சு வெளிய வரும்வரைக்கும் மற்றவர் வாசல்ல நிக்கோணும். மூணு வருஷமா ஒரு கொண்டி போடத் துப்பில்லாதவருக்குப் புரோகிராம் என்னத்துக்கு?"

அடுப்படியில் ஹஃபீலாவுக்கு ஒரே இருமல்.

"தண்ணியக் குடி புள்ள!" என்று கத்திவிட்டு எழுதினார்: "நானா, அந்தப் புரோகிராம் கோட் நீங்களே எழுதித் தாங்களேன்."

"மனிசி என்ன படிச்சவ?"

"கம்பியூட்டர்தான். ஆனா இதெல்லாம் அவவுக்கு ஏறாது."

அரை மணித்தியாலம் பதில் இல்லை. அடுப்படியில் சட்டியொன்று விழுந்தது. பிறகு வந்தது:

"கோட் தாறன். அதுக்கு முதல், குழுவில சொந்தப் பேரில தனிப் பதிவு போடுங்க. 'என் மனைவி வேலைக்குப் போக எனக்குப் பூரண சம்மதம்' எண்டு."

இது என்ன மடையன் என்று நினைத்தார் சேர். ஹஃபீலா போனில் பார்ப்பது வட்டிலப்பம் செய்கிற வீடியோ. அவளுக்கு யார் சொல்லப்போகிறார்கள்? எழுதினார். முந்நூறு பேர் விரும்பினார்கள். கோட் வந்தது.

மறுநாள் பள்ளியில் கடைசி ஒரு பங்குக்கு ரெண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பொத்தானை அமத்திப் பார்த்தார்கள். இந்தப் பக்கம் 'பதிந்தாயிற்று' என்றது. அந்தப் பக்கம் சற்று நின்று 'பங்கு முடிந்தது' என்றது. ஹாஜியார் சேரைக் கட்டிப்பிடித்தார்.

"மாஷா அல்லாஹ்! உங்கட பதிவையும் அந்தக் குழுவில இருக்கிற என்ட மகள் நஃபீஸா காட்டினா. ஆம்பிள எண்டா இப்பிடி இருக்கோணும். ஜமாஅத் முழுக்கச் சொல்லிட்டன்!"

சேரின் சிரிப்பு பாதியில் நின்றது.

வீட்டில் ஹஃபீலா அபாயாவுக்கு அயன் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"நாளையில இருந்து வேலைக்குப் போறன். அந்தக் கம்பெனிக்குத் திரும்ப எழுதினன். வீட்டில சம்மதமா எண்டு கேட்டாங்க. உங்கட பதிவ அனுப்பினன்."

"ஆரக் கேட்டு முடிவெடுத்த?"

"சிங்கத்தக் கேட்டு."

சேர் கதிரையில் உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்பதைவிட விழுந்தார் என்பதே சரி.

"நீயா உப்புக்கல்?"

"பேர் பதியிற கதைய வாசிச்ச உடனே சிங்கம் ஆரெண்டு தெரிஞ்சிட்டு. கடிதத்தப் பூட்டினதக்கூடப் பொறுத்தன். 'அவவுக்கு ஏறாது' எண்டு ஊருக்கு முன்னால எழுதினீங்களே, அத வாசிக்கக்க நெஞ்சு எரிஞ்சிச்சு. கையிலிருந்த சட்டியப் போட்டுட்டன்."

சேர் போனை எடுத்துத் தன் பதிவைப் பார்த்தார். விரும்பியவர்கள் நானூறைத் தாண்டியிருந்தார்கள்.

"விருப்பமில்லையெண்டா இப்பவே குழுவில எழுதுங்க. கோட் ஆர் எழுதினதெண்டு நானும் எழுதுறன். ஹாஜியாரும் வாசிக்கட்டும்."

சேர் எழுதவில்லை.

மறுநாள் காலை, துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு குளிக்கப் போனார். கதவு அசையவில்லை. உள்ளே தண்ணீர்ச் சத்தம். எட்டு மணிக்கு அவருக்கு வகுப்பு, ஏழரைக்கு அவளுக்கு பஸ். தட்டவும் பயம், சும்மா நிற்கவும் ரோசம். வாசலில் நின்றபடி மெதுவாக இருமினார்.

"இருமாதீங்க சேர்," என்றாள் உள்ளே இருந்தவள். "புதுக் கொண்டி போட்டிருக்கு."