வாசல் கமரா

சங்கிலியை மறந்துவைத்ததுபோல் எங்கே வைப்பது என்பதுதான் கஜலக்சுமியின் பிரச்சினை.

குசினி மேசையின் நடுவில் வைத்தால் வேண்டுமென்றே வைத்தது தெரிந்துவிடும். குளிர்சாதனப்பெட்டியின் மேல் வைத்தால் யார் கண்ணிலும் படாது. ரைஸ்குக்கருக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். பிறகு அதையும் எடுத்தாள்.

சுவிஸின் வின்டர்தூர் நகரில் அவர்களுடைய தெருவிலேயே இரண்டு வீடுகள் உடைபட்டிருந்தன. கமரா பூட்டுவோம் என்றார் கணவர் சிவநேசன். ஆனால் அதைப் பொருத்த வருகிறவன் கள்ளனாக இருந்தால்? சுவிஸ் நிறுவனத்துக்குப் போன் செய்தபோது, பெறுமதியான பொருட்கள் எந்த அறையில் இருக்கின்றன என்று கேட்டார்கள். உடனே போனை வைத்துவிட்டாள்.

"எங்கட பெடியன் ஒருத்தன் இருக்கிறான், பானுஜன்" என்றாள் கோயிலில் பழக்கமான பிரபாலினி. "தங்கமான பிள்ளை."

எதற்கும் ஒரு சோதனை வைத்துவிடுவதென்று கஜலக்சுமி முடிவுசெய்தாள். அதற்குத்தான் இந்த முறுக்குச் சங்கிலி.

பானுஜன் சப்பாத்தைக் கழற்றிவிட்டு வந்தான். முப்பது வயதிருக்கும். கருவிப்பையை நடையில் வைத்தான்.

"முதல் கதவுக்கு மேல, நடையைப் பாக்கிறமாதிரி இந்த வாசல் கமராவைப் பூட்டிட்டு, பிறகு பல்கனிக்குப் போறன், அக்கா."

"இது எப்ப வேலை செய்யத் தொடங்கும் தம்பி?"

"எல்லாம் முடிய உங்கட போனில போட்டுவிடுறன்."

சங்கிலிக்கு நாலாவது இடம் தேடிக்கொண்டிருந்தபோது மணி அடித்தது. கீழ்வீட்டுச் சுவிஸ் அம்மா ஃபிராவ் ஹூபர். இன்றைக்குப் பொதுச் சலவை இயந்திரம் உங்களுடைய முறை, இயந்திரம் சும்மா நிற்கிறது, அடுத்த முறை என்னுடையது என்று ஜெர்மனில் நினைவூட்டினார். அவர் நினைவூட்டினால் அது கட்டளை. கஜலக்சுமி கைக்கு அகப்பட்ட துவாய்களை எல்லாம் அள்ளிக் கூடையில் போட்டுக்கொண்டு நிலக்கீழ் அறைக்கு ஓடினாள்.

திரும்பி வந்தபோது ரைஸ்குக்கருக்குப் பக்கத்தில் சங்கிலி இல்லை.

பல்கனியில் துளைக்கும் சத்தம் கேட்டது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நடைக்குப் போனாள். கருவிப்பையின் பக்கத்துப் பையைத் திறந்தாள். முறுக்குச் சங்கிலி, சுருண்டு கிடந்தது.

கோபம் வரும் என்று நினைத்தாள். வந்தது சந்தோசம். தான் தேடியது சங்கிலியையா கள்ளனையா என்று அந்தக் கணத்தில் அவள் கேட்டுப்பார்க்கவில்லை. சங்கிலி கொஞ்சம் பாரமாகத் தெரிந்தது. பதற்றத்தில் அப்படித்தான் இருக்கும் என்று சட்டைப்பையில் போட்டுக்கொண்டாள். இயந்திரம் நின்றதும் கீழே ஓடித் துவாய்களையும் எடுத்துவந்தாள்.

பானுஜன் உள்ளே வந்தபோது அவளுடைய முகத்தைப் பார்க்கவில்லை. கமராவை அவள் போனில் போட்டுவிட்டு, அவசரமாகக் கருவிகளை அடுக்கினான். கை ஒருமுறை கழுத்துக்குப் போய்த் திரும்பியது.

"தம்பி, ஏதும் விட்டிட்டீரோ?"

"இல்லை அக்கா."

"ஒண்டுமே இல்லையோ?"

"ஒண்டுமில்லை."

"நான் ஒண்டும் கேக்கப்போறதில்லை. மேல ஒருத்தர் எல்லாத்தையும் பாத்துக்கொண்டுதான் இருக்கிறார்."

"ஓம் அக்கா" என்று அவன் மேலே பார்த்தான். அங்கே கமராதான் இருந்தது.

அவனை மன்னித்ததில் அவளுக்குத் தன்மேல் மரியாதை வந்தது. ஆறு வடையை ஒரு பெட்டியில் போட்டுக் கொடுத்தனுப்பினாள். கதவைச் சாத்தியதும் பிரபாலினியை அழைத்தாள்.

"உங்கட தங்கமான பிள்ளைக்குக் கை நீளம்."

"ஐயோ! உண்மையோ?"

"என்ர கையாலதான் எடுத்தனான். ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ."

மறுபடி மணி அடித்தது. ஃபிராவ் ஹூபர் இரண்டு விரலால் ஒரு முறுக்குச் சங்கிலியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். இயந்திரத்தின் ரப்பர் வளையத்துக்குள் கிடந்ததாம். உடுப்பை எடுத்த பிறகு வளையத்தைத் துடைக்க வேண்டும் என்பது இந்த வீட்டின் விதியாம்.

கஜலக்சுமி சட்டைப்பையில் கைவிட்டாள். மற்றது அங்கேயேதான் இருந்தது.

தொழிற்சாலைக்குப் போகும்போது சிவநேசன் மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டுப் போவது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கரண்ட் வேலை செய்கிறவன் கழுத்தில் சங்கிலியோடு வேலை செய்வானா? கழற்றிப் பையில்தான் வைப்பான். கடைசி நிமிடத்தில் தன் கையில் இருந்த சங்கிலி துவாய்களோடு கூடைக்குள் போயிருக்கிறது. மறந்ததுபோல் நடிக்கப் போனவள், உண்மையாகவே மறந்திருக்கிறாள்.

முகம் எரிந்தது. தான் திருடியதைவிட அவனை மன்னித்ததுதான் அதிகம் எரிந்தது. அந்த வடை!

பிரபாலினியை அழைத்தாள். பிஸி. மறுபடியும் பிஸி. ஒருத்தருக்கும் சொல்லாத ஒருத்தியின் போன் இவ்வளவு நேரம் பிஸியாக இருக்காது.

சங்கிலியைக் கொடுக்கத்தான் வேண்டும். என்ன சொல்லிக் கொடுப்பது? நடையில் கிடந்தது என்று சொல்லலாம். பையிலிருந்து தானாக விழுந்திருக்கும். வெட்கத்திலும் ஒரு பொய் இவ்வளவு சுலபமாக வருகிறதே என்று இன்னொரு முறை வெட்கப்பட்டாள். ஆனாலும் அதையே சொல்வதென்று பானுஜனின் எண்ணை அழுத்தினாள்.

"வணக்கம் அக்கா, நான் அவரின்ர மனுசி சரணியா. அவர் வான் ஓட்டிக்கொண்டிருக்கேக்க அழைப்பு எனக்குத்தான் வரும்."

"பிள்ளை, இவரின்ர சங்கிலி ஒண்டு எங்கட நடையில கிடந்தது..."

சரணியா, நோயாளியோடு கதைப்பதுபோல் மெதுவாகச் சொன்னாள்:

"அந்தரப்படாதேங்கோ அக்கா, அவர் பல்கனியில நிண்டு வாசல் கமராவைத் தன்ர போனில சோதிச்சுப் பாக்கேக்கையே நீங்கள் பையைத் திறந்து எடுத்ததைக் கண்டிட்டார்; 'அக்காவுக்கு ஏதோ பெரிய கஷ்டம், கேட்டு வெக்கப்படுத்தக்கூடாது' எண்டு அந்த வீடியோவையும் அழிச்சுப்போட்டுத்தான் வந்தவர், நீங்கள் சங்கிலியை வைச்சிருந்து ஆறுதலா, வசதிப்படேக்க தாங்கோ."