பக்கத்தில் பைக் வந்தால்

சொன்ன வேலையை மறுக்கத் தெரியாத ஆட்கள் குதிரை ஏறக் கூடாது. இது எந்தப் பயிற்சி வீடியோவிலும் இல்லை. மானத்தைக் கொடுத்து நானே கண்டுபிடித்தது.

கோவில்பட்டிப் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் நான் பி.டி. டீச்சர். (தற்காலிகம்தான். பதினோரு வருடமாகத் தற்காலிகம்.) யோகா, செஸ், சிலம்பம் என்று எது வந்தாலும் என் தலையில்தான் விழும். ஒரு நாள் தாளாளர் வராந்தாவில் என் கூடவே நடந்து வந்தார். தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி, மெஷின் இரைச்சலுக்கு நடுவே பேசிப் பழகிய தொண்டை.

"டீச்சர், இந்த வருசம் குதிரையேத்தம் ஆரம்பிக்கோம். நீங்கதான் எடுக்கீய. பெற்றோர் கூட்டத்துல ஏறிக் காட்டிட்டீயன்னா வார ஜூன்ல பர்மனெண்ட்."

நான் கழுதை மேல்கூட ஏறியதில்லை. "சரி சார்" என்றேன்.

விளாத்திகுளம் பக்கம் என் அண்ணனிடம் ஒரு குதிரை இருந்தது. வண்டிப் பந்தயத்தில் ஓடி ஓய்ந்தது. பெயர் ராசா.

"இது மேல ஏறலாமாண்ணே?"

"ஏறுட்டி. அது பாட்டுக்குச் சிவனேன்னு நிக்கும்."

குதிரையை அடி மாறாமல் அழகாக நடக்கவைக்கும் டிரெசாஜ் என்ற கலையை இரண்டு வாரம் போனில் பார்த்துப் படித்தேன். குதிகால் கீழே, பார்வை குதிரையின் காதுகளுக்கு நடுவே, கை மெத்தென்று. எல்லாவற்றிலும் முக்கியம் அரை நிறுத்தம். மூச்சை இழுத்து, முதுகை நிமிர்த்தி, கடிவாள வாரை ஒரு விநாடி இறுக்கி விட்டால், குதிரை நிதானித்து நம் பேச்சைக் கேட்குமாம். ராசா கேட்டது. ஆளில்லாத கரிசல் காட்டில் வட்டம் வட்டமாக நடந்தது. எனக்கு ராணி என்றே நினைப்பு வந்துவிட்டது.

கூட்டத்தன்று பள்ளி மைதானத்தில் இரண்டு வட்டம் அருமையாகப் போனது. மூன்றாவதில் தாளாளர், போட்டோகிராபரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு பைக்கைக் கிளப்பினார். என் பக்கத்திலேயே ஓட்டி வந்து, "அப்படித்தான் டீச்சர், போங்க, போங்க" என்று கத்தினார்.

பந்தயத்தில் வண்டிக்கு இரு பக்கமும் பைக்கில் ஆட்கள் இப்படித்தான் கத்திக்கொண்டு வருவார்கள். ராசா படித்த பாடம் அது ஒன்றுதான். கேட்டைத் தாண்டி எட்டயபுரம் ரோட்டில் பிடித்தது ஓட்டம்.

அரை நிறுத்தம் போட்டேன். முழு நிறுத்தம் போட்டேன். கடைசியில் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதேன். தாளாளர் விரட்டி வந்து "நிப்பாட்டுங்க டீச்சர்" என்று கத்தக் கத்த, வேகம்தான் கூடியது. டீக்கடையில் நின்ற இரண்டு பேர் நிஜப் பந்தயம் என்று நம்பித் தங்கள் பைக்கோடு சேர்ந்துகொண்டார்கள். ரோட்டில் காயப்போட்டிருந்த மிளகாய் வத்தலை மிதித்துக்கொண்டு போனோம். வத்தல்காரம்மா என் குடும்பத்தை நலம் விசாரித்தது காற்றில் கேட்டது.

மூன்று மைல் போனதும் ராசா தானாகவே திரும்பியது. (பந்தயத்தில் எல்லையைத் தொட்டுத் திரும்ப வேண்டும் அல்லவா.) வந்த வழியே ஓடி, பள்ளி வாசலில் பரிசுக்கு நிற்பதுபோல நின்றது. பெற்றோர் கைதட்டினார்கள். பின்னாலேயே தாளாளர் தும்மிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

"அடுத்த ஜூன்ல பாப்போம் டீச்சர்."

அவ்வளவுதான். பதினோரு வருடம் காத்திருந்தது ஆறு மைலில் போயிற்று. அன்று அண்ணனிடம் சண்டைக்குப் போனேன்.

"பைக் வந்தா ஓடும்னு சொல்லலியே?"

"நீ கேக்கலியே."

அதுவும் சரிதான். குதிரைக்கு எதையாவது கற்றுக்கொடுக்கும் முன், யார் ஏற்கெனவே என்ன கற்றுக்கொடுத்திருக்கிறார்கள் என்று விசாரித்துவிடுங்கள்.

இப்போதும் அண்ணன் வீட்டுக்கு வந்தால், நான் அசந்து உட்கார்ந்திருக்கும்போது பக்கத்தில் நின்று, வாயாலேயே பைக் சத்தம் கொடுத்து, "போ, போ" என்பான். பிள்ளைகள் சிரிக்கும். நானும் சிரிப்பேன், அதற்குள் நானே எழுந்து நின்றிருப்பதைக் கவனிக்கும்வரை.

போன மாதம் தாளாளர் மறுபடி வராந்தாவில் கூடவே வந்தார். "டீச்சர், வார வருசம் நீச்சல். நீங்கதான் எடுக்கீய." (குடிக்கிற தண்ணீருக்கே குடத்தோடு அலைகிற ஊரில்.)

"சரி சார்" நாக்கு நுனிவரை வந்துவிட்டது. மூச்சை இழுத்தேன். முதுகை நிமிர்த்தினேன். ஒரு விநாடி.

"பர்மனெண்ட் ஆர்டரைக் கொடுங்க சார். அப்புறம் நீந்துதேன்."

அண்ணனுக்குப் போன் போட்டுச் சொன்னேன். "ஏட்டி, குதிரை நின்னுட்டுதே" என்றான்.

ஆர்டர் இன்னும் வரவில்லை. நானும் இன்னும் நீந்தவில்லை.