அளவு ஏட்டையாவின் ஞாயிற்றுக்கிழமை சைக்கிள்

தென்காசி வட்டாரத்தில் மனிதர்களின் உண்மையான எடை இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருவர் கடவுள். இன்னொருவர் அளவு ஏட்டையா. இதில் கடவுள் ஒரு கிலோ முன்னே பின்னே விட்டுக்கொடுப்பார்.

ஏட்டையாவுக்குச் சொந்தப் பெயர் ஒன்று உண்டு. அது ரேஷன் கார்டோடு சரி. போலீசில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். சர்வீஸில் பாதியை ஆளெடுப்பு மைதானத்தில் உயரமும் மார்பளவும் எடுத்தே கழித்ததால் ஊருக்கு அவர் 'அளவு ஏட்டையா'. உயரம் போதாத ஒருவன் தலைமுடிக்குள் புளியை உருட்டி வைத்துக்கொண்டு வந்ததைக் கண்டுபிடித்தவர் அவர்தான். புளியைத் தனியாக எடை போட்டு அறிக்கையில் எழுதியவரும் அவரே.

ஓய்வுக்குப் பிறகும் சட்டைப் பையில் இஞ்ச் டேப் இருந்தது. ஹோட்டலில் ஸ்பெஷல் தோசை வந்தால் முதலில் டேப், பிறகுதான் சட்னி. தங்கை மகளைப் பெண் பார்க்க வந்த வீட்டார், மாப்பிள்ளை ஐந்தடி ஒன்பது என்றார்கள். ஏட்டையா எழுந்துபோய் மாப்பிள்ளையைச் சுவரோரம் நிற்க வைத்து, ஐந்தடி ஏழே கால் என்று அறிவித்துவிட்டு வந்து காப்பியைக் குடித்தார். கல்யாணம் என்னவோ நடந்தது. ஆனால் இன்றைக்கும் அந்த மாப்பிள்ளை அவரைக் கண்டால் கொஞ்சம் நிமிர்ந்துதான் நிற்கிறார்.

இப்படிப்பட்டவர் எங்கள் சைக்கிள் குழுவில் வந்து சேர்ந்தார்.

நான் அப்போது தென்காசியில் கணக்கு டீச்சர். சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று டாக்டர் பயமுறுத்தியதால் சைக்கிள் மிதிக்க ஆரம்பித்தவள். ஏழெட்டுப் பேர் சேர்ந்து காலையில் குற்றாலம் வரை போய் வருவோம். சாரல் தொடங்கி அருவிக்குக் கூட்டம் வந்துவிட்டால் அந்த ரோட்டில் வேன்களுக்கே இடம் இருக்காது, சைக்கிளுக்கு எங்கே? அதனால் குழுத் தலைவரான பல் டாக்டர் ஒரு வழி சொன்னார். அவரவர் வீட்டிலேயே சைக்கிளை ஒரு மிஷினில் மாட்டிவிட்டு மிதிக்க வேண்டியது. போனில் ஒரு ஆப் இருக்கிறது. நாம் மிதிக்க மிதிக்க டிவியில் நம் பொம்மை ஏதோ ஒரு நாட்டு மலையில் ஏறும். ஞாயிறு காலை ஆறு மணிக்குப் பந்தயம்.

இதில் ஒரே ஒரு ஓட்டை இருந்தது. காலில் எவ்வளவு பலம் என்பதை மிஷினே அளந்து சொல்லிவிடும். உடம்பில் எவ்வளவு எடை, எவ்வளவு உயரம் என்பதை நாம்தான் சொல்ல வேண்டும். எடை குறைந்தால் பொம்மை மேட்டில் பறக்கும். உயரம் குறைந்தால் எதிர்க்காற்று குறையும்.

நான் நாற்பத்தெட்டு கிலோ என்று போட்டேன். அது முழுப் பொய் என்று சொல்ல முடியாது. என் கல்யாணத்தன்று நான் அவ்வளவுதான்.

ஏட்டையா தொண்ணூற்றைந்து கிலோ நானூறு கிராம், ஆறடி என்று போட்டார். எங்கள் எல்லோரையும்விட அவர் காலில் பலம் அதிகம். அது திரையிலேயே தெரியும். ஆனாலும் வாராவாரம் அவர்தான் கடைசி. பல் டாக்டர் முதல், நான் மூன்றாவது. மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும் நான், மைதானத்திலேயே வாழ்ந்த மனிதரை முந்திப் போனேன். எனக்கே கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் எடையை மாற்றும் அளவுக்கு இல்லை.

மூன்று வாரம் பொறுத்துப் பார்த்தார். நான்காவது வாரம் எல்லோரையும் டீக்கடைக்கு வரச் சொன்னார். ஒவ்வொருவர் முகத்தையும், பிறகு வயிற்றையும் நிதானமாகப் பார்த்தார்.

"என் சர்வீஸ்ல உயரத்தைக் கூட்டிச் சொன்னவனைத்தான் பாத்திருக்கேன்," என்றார். "குறைச்சுச் சொல்லுதவனை இப்பந்தான் பாக்கேன். பல் டாக்டர் அஞ்சடியாம். அப்பம் எனக்கு எதுக்க இருக்கது யாரு?"

டாக்டர் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார்.

அடுத்த ஞாயிறு பாவூர்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் எடை போடுவது என்று முடிவானது. குழுவில் இருந்த மண்டிக்காரரின் கடையில் மூட்டை நிறுக்கும் பெரிய தராசு இருந்தது. ஏட்டையா விடிவதற்கு முன்பே கீழப்பாவூர் வீட்டிலிருந்து வந்து, படிக்கல் வைத்துத் தராசைச் சோதித்து முடித்திருந்தார். லோடுமேன்கள் எல்லாம் கத்தரிக்காயை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள்.

ஆப்பில் அறுபத்தொரு கிலோவாக இருந்த டாக்டர், தராசில் எழுபத்திரண்டு கிலோ அறுநூறாக இருந்தார். பையில் போன் இருக்கிறது என்றார். எடுக்கச் சொன்னார் ஏட்டையா. இட்லி சாப்பிட்டுவிட்டு வந்தேன் என்றார். எத்தனை இட்லி என்று கேட்டு அதையும் கழித்தார். அப்படியும் பத்து கிலோ மிச்சம் நின்றது. தன் முறை வந்ததும் மண்டிக்காரரோ தன் தராசின் மேலேயே சந்தேகப்பட்டார். அதற்குள் சுற்றி நின்ற விவசாயிகள் காதைத் தீட்டிக்கொண்டதைப் பார்த்து, தராசு சுத்தமான தராசு, தன் உடம்புதான் சரியில்லை என்று உடனே பேச்சை மாற்றினார்.

அடுத்து என் முறை. பெண்ணை இத்தனை பேர் நடுவில் எப்படி ஏற்றுவது என்று ஏட்டையாவும் யோசித்திருக்கிறார். ஆளெடுப்பில் பெண்களைப் பெண் போலீஸ்தான் அளக்கும். அதனால் தன் மனைவியைக் கையோடு கூட்டி வந்திருந்தார். வெங்காய மூட்டைகளுக்குப் பின்னால் பழைய சேலை ஒன்றைத் திரையாகக் கட்டி, உள்ளே ஒரு சின்னத் தராசு. அந்த அத்தை முள்ளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"பயப்படாதட்டி, நான் இதுக்கு மேல," என்று காதோடு சொன்னார்.

எழுபத்து நான்கு கிலோ முந்நூறு. ஏட்டையா அதைத் தன் நோட்டில் எழுதி, அதன் மேல் ஒரு காகிதத் துண்டை ஒட்டி, 'ரகசியம்' என்று கையெழுத்தும் போட்டார்.

அன்றிலிருந்து எல்லோரும் உண்மையான எடையில் ஓட்டினோம். ஏட்டையா முதலிடத்துக்கு வந்தார். டாக்டர் மூன்றாவதுக்கு இறங்கினார். நான் கடைசி. சும்மா கடைசி இல்லை, மற்றவர்கள் குளித்துச் சாப்பிட உட்கார்ந்த பிறகும் நான் மேட்டில் இருந்தேன். டிவியில் என் பொம்மையும் நாலு மரமும் மட்டும். ஒரு ஞாயிறு, பாதி மலையில் மிதிப்பதை நிறுத்திவிட்டு அழுதேன். இனி வரமாட்டேன், பரீட்சைப் பேப்பர் திருத்த வேண்டும் என்று குழுவில் எழுதிப் போட்டேன்.

ஏட்டையா போன் செய்தார். ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்கு எந்தப் பள்ளிக்கூடத்தில் பேப்பர் திருத்துகிறார்கள் என்று விசாரித்தார். ஒரே ஒரு வாரம் வாருங்கள், அப்புறம் உங்கள் இஷ்டம் என்றார். போனேன்.

அன்று மேட்டில் எனக்குப் பின்னால் ஒரு பொம்மை வந்துகொண்டிருந்தது. ஏட்டையா. வயசாகிவிட்டது டீச்சர், முட்டி பிடிக்கிறது என்று திரையில் எழுதினார். அன்று நான் கடைசிக்கு முந்தினவள். அந்த ஒரு இடத்துக்கே வீட்டில் கேசரி கிண்டினேன். அடுத்த வாரமும் அவர் பின்னால்தான் வந்தார், அதற்கடுத்த வாரமும். இரண்டு மாதம் ஒரு ஞாயிறு தவறாமல் மிதித்தேன். சர்க்கரை எல்லைக்கோட்டிலிருந்து இறங்கியது. அவருடைய பொம்மை மட்டும் நாளுக்கு நாள் பெருத்துக்கொண்டே போவதுபோலத் தெரிந்தது. டிவி கோளாறு என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் கணக்கு டீச்சருக்குச் சில விஷயங்கள் உறுத்திக்கொண்டே இருக்கும். முட்டி பிடிக்கிறவருக்குக் காலில் பலம் குறைந்திருக்க வேண்டும். திரையில் அது பழையபடியே இருந்தது. அவர் போன வேகம், மேட்டின் சரிவு, காலின் பலம் மூன்றையும் ஒரு விடைத்தாளின் பின்பக்கம் எழுதிக் கணக்குப் போட்டேன். விடை நூற்று நாற்பத்தொரு கிலோ என்று வந்தது.

மறுநாள் சாயங்காலம் கீழப்பாவூருக்குப் போய் அந்தத் தாளை அவர் முன்னால் வைத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரிவரியாகப் பார்த்தார். கணக்கு சரிதான் என்றார். உள்ளே போய் நோட்டை எடுத்து வந்து அவருடைய பக்கத்தைத் திறந்து காட்டினார். சிவப்பு மையில் எழுதியிருந்தது: 'உண்மை எடை 94.800. ஆப்பில் கொடுத்தது 141. காரணம்: சொந்தக் காரணம்.' கீழே தேதி, கையெழுத்து. தன் மேல் தானே கேஸ் எழுதி வைத்திருந்தார்.

"ஊரையே தராசுல ஏத்தினிய. நீங்களே இப்படிச் செய்யலாமா ஏட்டையா?"

அவர் நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டார்.

"கடைசில வாரதுக்கு ஒரு ஆளு வேணும்லா டீச்சர். எனக்கு அது பழகிட்டு. நீங்கன்னா நின்னுருப்பிய."

எனக்குக் கோபம் வரவில்லை என்று சொன்னால் பொய். இரண்டு மாதமாக நான் கொண்டாடியது அவர் போட்ட பிச்சையா என்று கேட்டேன். அவர் பதறிப்போனார். எடையில்தான் பொய், நீங்கள் மிதித்தது நிஜம், மிஷின் பொய் சொல்லாது என்று திரும்பத் திரும்பச் சொன்னார். என் பலம் வாராவாரம் எவ்வளவு கூடியது என்பதையும் நோட்டில் எழுதி வைத்திருந்தார். அதையும் காட்டினார். ஒவ்வொரு வாரமும் எண் ஏறித்தான் இருந்தது. உள்ளதைப் போடுங்கள், நான் கடைசியில் வந்தாலும் வருவேன் என்றேன். என் முன்னாலேயே ஆப்பைத் திறந்து தொண்ணூற்று நான்கு கிலோ எண்ணூறு என்று மாற்றினார்.

அடுத்த ஞாயிறு அவர் முதல், நான் கடைசி. நிற்கவில்லை, மிதித்தேன்.

இப்போது அவர் மகளோடு ஓசூரில் இருக்கிறார். எனக்கும் மாற்றலாகிவிட்டது. பந்தயம் மட்டும் நடக்கிறது. முதலில் போய்ச் சேர்ந்ததும் அவர் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு மலையில் கீழே இறங்கி வருவார். பாதி மேட்டில், மரங்களுக்கு நடுவில், அந்த ஆறடி பொம்மை எதிரே வருவது தெரியும். திரும்பி என் பக்கத்தில் வந்து சேர்ந்துகொள்ளும். மிச்ச மேடு எவ்வளவு என்று நான் கணக்குப் பார்ப்பதில்லை.