படி ஆடும், நிர்வாகம் பொறுப்பல்ல

மனிதர்களில் பொறுப்பல்லர் என்று ஒரு வகை உண்டு. அகராதியில் தேடாதீர்கள், பெயர் நான் வைத்தது. ஆனால் ஆளை உங்களுக்கு நன்றாகத் தெரியும். 'வண்டி காணாமல் போனால் நிர்வாகம் பொறுப்பல்ல', 'உங்கள் உடைமைகளுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல' என்று ஊரில் உள்ள சுவரையெல்லாம் எழுதியே நிரப்பியிருக்கிறாரே, அவரேதான்.

நான் சொல்ல வந்த பொறுப்பல்லர், துறைமுகத்தை ஒட்டிய ஒரு சரக்குக் கிடங்கின் மேலாளர். இருபது வருடமாகக் கப்பல் கம்பெனிகளின் சரக்குச் சீட்டுகளைப் படித்துப் பழுத்தவர். சீட்டின் முன்பக்கத்தில் என்ன சரக்கு, எத்தனை மூட்டை, எந்தத் துறைமுகம் என்று இருக்கும். அதை எல்லோரும் படிப்பார்கள். இவர் படித்தது பின்பக்கத்தை. புயல் அடித்தால் கப்பல்காரர் பொறுப்பல்ல, போர் மூண்டால் பொறுப்பல்ல, துருப்பிடித்தால், எலி கடித்தால், மூட்டை வியர்த்து நனைந்தால், கடவுளே நேரில் வந்து கப்பலைக் கவிழ்த்தால்கூடப் பொறுப்பல்ல என்று எறும்பு எழுத்தில் அச்சடித்திருப்பார்களே, அதைப் படித்த அன்றே அவருக்குப் பிறவிப்பயன் கிடைத்துவிட்டது. அத்தனை பெரிய கப்பலே ஒரு பக்கத்தில் தப்பித்துக்கொள்கிறது என்றால், ஒற்றை மனிதன் தப்பிக்க எத்தனை வரி வேண்டும்?

அன்று முதல் அவர் எதைச் செய்தாலும் அடியில் ஒரு வரி ஓடும். மகளின் மதிப்பெண் அட்டையில் 'பார்த்தேன், ஏற்கவில்லை' என்று எழுதித்தான் கையெழுத்துப் போடுவார். வரி அலுவலகத்துக்குக் கம்பெனியின் வருடக் கணக்கை அனுப்பியபோது, 'இதிலுள்ள பிழைகளுக்கு அனுப்புநர் பொறுப்பல்ல' என்று சேர்த்துவிட்டார். அங்கிருந்து ஒரே வரியில் பதில் வந்தது: 'எந்தெந்தப் பிழைகள் என்று தெரிவிக்கவும்.' வீட்டிலும் இதே கதைதான்.

"ஏங்க, பாலைப் பாத்துக்கங்கன்னு சொல்லிட்டுத்தானே போனேன்?"

"சொன்ன. நான் சரின்னு சொன்னேனா?"

இப்படிப்பட்டவரின் கிடங்கில், மேல்தட்டுக்கு ஏற ஓர் இரும்பு ஏணிப்படி இருந்தது. மேலிருந்து மூன்றாவது படியில் போல்ட் கழன்று, காலை வைத்தால் ஆடியது. மூட்டை எண்ணுவதற்காக ஒரு நாளைக்கு நாற்பது தடவை அதில் ஏறி இறங்குகிறவர் மேஸ்திரி. அவர் மேலாளரிடம் வந்து நின்றார்.

"சார், அந்தப் படி ஆடுது. வெல்டரைக் கூப்பிட்டா அரை மணி நேர வேலை."

"ஆடுதுன்னா, எப்படி ஆடுது?"

"ஏறிப் பாருங்க சார்."

"நான் எதுக்குப்பா ஏறணும்? விழுந்தா யார் பொறுப்பு?"

வெல்டரை அழைக்க ஒரு படிவம் உண்டு. 'பழுதை நேரில் கண்டு உறுதி செய்கிறேன்' என்ற வரிக்குக் கீழே மேலாளர் கையெழுத்துப் போட வேண்டும். கண்டேன் என்று தன் கையாலேயே எழுதிக் கொடுப்பதா? அவர் என்ன ஏமாளியா? பெயிண்டரை அழைக்கப் படிவம் கிடையாது. மறுநாள் காலையிலேயே ஏணியடியில் சிவப்பு எழுத்தில் ஒரு பலகை நின்றது: 'மேலிருந்து மூன்றாவது படி ஆடும். ஏறுபவர்கள் தம் சொந்தப் பொறுப்பில் ஏறவும். நிர்வாகம் பொறுப்பல்ல.'

மேஸ்திரி அதைப் படித்தார், அசைத்தும் பார்த்தார்.

"பலகை நல்லா உறுதியா நிக்குது சார். நாலு போல்ட் போட்டிருக்காங்க."

சொல்லிவிட்டு ஏறினார். ஏறாவிட்டால் வேலை போய்விடும், வேறென்ன செய்வார்? எட்டு மாதம் ஏறினார். ஒன்பதாவது மாதம் முதல் வாரத்தில், படி அவர் காலோடு கழன்று வந்துவிட்டது.

இந்த இடத்தில் எனக்குக் கேலி வரவில்லை, கோபம்தான் வருகிறது. தொடை எலும்பு இரண்டு இடத்தில் முறிந்து, இனிமேல் ஏணி ஏறும் பேச்சே கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். மேஸ்திரிக்கோ அதைத் தவிர வேறு பிழைப்புத் தெரியாது.

அவருடைய மனைவி நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டார். மேலாளர் அசரவில்லை. பலகையைப் படம் பிடித்து எடுத்துக்கொண்டு போய், கல்யாண ஆல்பத்தைக் காட்டுகிற பெருமையோடு கம்பெனி வழக்கறிஞரிடம் காட்டினார்.

"மூலையில ஒரு தேதி இருக்கே?" என்றார் வழக்கறிஞர்.

"பெயிண்டர் போட்டது சார். எல்லாப் பலகையிலயும் தேதியும் போன் நம்பரும் போட்டுடுவார்."

"அப்ப அவர் விழறதுக்கு எட்டு மாசம் முன்னாடியே படி ஆடுறது உங்களுக்குத் தெரியும்?"

"தெரியாமலா போர்டு வைப்பேன்? எத்தனாவது படின்னுகூடக் கரெக்டா போட்டிருக்கேன், பாருங்க!"

வழக்கறிஞர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"தெரியாதுன்னு சொல்லியிருந்தாலாவது ஏதாவது பேசிப் பாத்திருக்கலாம். வேலை செய்யற இடத்தைப் பத்திரமா வெச்சுக்கறது உங்க கடமை. அதைப் பலகையில எழுதித் தள்ளிவிட முடியாது. இனிமே அந்தம்மாவுக்கு வேற சாட்சியே வேணாம். நீங்களே சிவப்பு எழுத்துல சாட்சி சொல்லியிருக்கீங்க."

மேலாளர் நேரே கிடங்குக்கு ஓடினார். வெல்டரை அழைத்தார் என்றுதானே நினைக்கிறீர்கள்? பெயிண்டரை அழைத்தார். பழைய எழுத்துக்குக் கீழே புதிதாக ஒரு வரி ஏறியது: 'மேற்கண்ட அறிவிப்புக்கு நிர்வாகம் பொறுப்பல்ல.'

வழக்கு மேஸ்திரி பக்கம் தீர்ந்தது. அவர் இப்போது கைத்தடியோடு நடக்கிறார். மேலாளரைக் கேட்டால், "நான் அப்பவே எழுதி வெச்சேன்" என்று இன்றைக்கும் சொல்கிறார். அதில் ஓர் எழுத்துக்கூடப் பொய் இல்லை.

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். நேற்று சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் ஒரு வைத்தியக் குறிப்பை அனுப்பி, 'எனக்கு வந்தது, அப்படியே அனுப்பியிருக்கிறேன்' என்று அடியில் சேர்த்தது நீங்கள் இல்லையே? இல்லையென்றால் நிம்மதி. அது போகட்டும். உங்கள் வாசலில் பாதி பெயர்ந்து கிடக்கிறதே ஒரு கல், அதைக் காட்டி, "பாத்து வாங்க" என்று வருகிறவர்களிடமெல்லாம் எவ்வளவு அக்கறையாகச் சொல்கிறீர்கள்! எத்தனை மாதமாகச் சொல்கிறீர்கள்?