டேங்க் சாரின் காது

செங்கல்பட்டு முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும், கக்கூஸ் ஃபிளஷ் தொட்டியின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்ட மனிதர் டேங்க் சார் ஒருவராகத்தான் இருப்பார். கச்சேரியில்கூட அவர் அவ்வளவு கவனமாக உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். தொண்ணூறுகளில் அவருடைய காம்பவுண்டில்தான் குடியிருந்தேன். அவர் மனைவி கமலாம்மா ஒருநாள் பழைய கக்கூஸில் வழுக்கி விழுந்து, மூட்டு பிசகி, எழுந்திருக்க முடியாமல் வெகுநேரம் கிடந்தார். ஒரு குரல் கொடுக்கவில்லை. ஏன் என்று கேட்டால், "குடித்தனக்கார ஆம்பளைங்க காதுல வுழாதா?" என்றாராம். சார் உடனே கொத்தனாரைக் கூட்டிவந்தார். எங்கள் தெருவுக்கு முதல் வெஸ்டர்ன் கக்கூஸ் அப்படித்தான் வந்தது.

அன்றிலிருந்து கமலாம்மா உள்ளே போனால், சார் வெளியே நாற்காலி போட்டுப் பேப்பரை விரித்துக்கொள்வார். பேப்பர் ஒப்புக்கு. கைப்பிடியை அழுத்தினால் தொட்டியின் அடிமூடி தூக்கிக்கொண்டு தண்ணீர் தடதடவென்று இறங்கும். கூடவே மிதக்கும் பந்தும் இறங்கி வால்வைத் திறக்க, குழாய்த் தண்ணீர் 'உஸ்' என்று நிரம்பத் தொடங்கும். பந்து மேலே வந்து வால்வை மூடினால் உஸ் அடங்கிவிடும். உஸ் அடங்கிய பிறகுதான் யாரும் வெளியே வரலாம், அடுத்த ஆளுக்குத் தொட்டி நிறைந்திருக்க வேண்டும் என்பது சாரின் சட்டம். வீட்டம்மாவுக்கும் விலக்கு கிடையாது.

அந்தத் தொட்டிக்கு அவர் செய்த சிசுருஷை கொஞ்சநஞ்சமில்லை. போர் தண்ணீர் உப்பு வால்வில் படிந்தால் கழற்றி எலுமிச்சைச் சாற்றில் ஊறப்போடுவார். தொட்டியில் சொட்டு நீலம் விட்டுக் காத்திருப்பார். யாரும் கைப்பிடியைத் தொடாமலே பீங்கானில் நீலம் கசிந்தால் அடிமூடியின் ரப்பர் போச்சு என்று அர்த்தம். துணிக்குப் போட வைத்திருந்த நீலம் எங்கே போகிறதென்று அம்மா புலம்புவார்.

ஒருநாள் அம்மா உள்ளே போனார். தடதட கேட்டது, உஸ் தொடங்கியது. அடங்கவே இல்லை. சார் பேப்பரைக் கீழே போட்டார். "கமலா" என்றார். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டார். இல்லை. முகம் வெளுத்துப்போய், எழுபது வயது மனிதர், தோளால் கதவை ஒரே இடி. தாழ்ப்பாள் பிய்த்துக்கொண்டு வந்தது.

அம்மா உள்ளே சேலையைச் சரியாகக் கட்டிக்கொண்டு, கையைக் கட்டி நின்றிருந்தார்.

"உஸ்ஸு நின்னாத்தானே வெளிய வரணும்னீங்க? நிக்கல, நிக்கிறேன்."

"கூப்ட்டா இன்னான்னு கேக்கக் கூடாதா?"

"எல்லாரும் கேட்டுகினு இருக்கும்போதா?"

சார் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். பக்கத்துப் போர்ஷன் ஆட்டோக்கார செல்வம் தலையைச் சொறிந்தபடி வந்தான். "தண்ணி பத்தலன்னு பந்துக் கம்பிய கொஞ்சூண்டு மேல வளச்சேன் சார். வேற ஒண்ணும் பண்ணல." பந்து எவ்வளவு மேலே வந்தாலும் வால்வு மூடவில்லை, தண்ணீர் உபரிக் குழாய் வழியே போய்க்கொண்டே இருந்திருக்கிறது. சார் அவனைத் திட்டவில்லை. கம்பியைக் கீழே வளைத்தார், உஸ் அடங்கியது.

தாழ்ப்பாளை அவர் மறுபடி மாட்டவே இல்லை. அதற்கப்புறம் உஸ் அடங்கியதும், உள்ளேயிருந்து அம்மா பிளாஸ்டிக் மக்கால் சுவரில் இரண்டு தட்டு தட்டுவார். சார் பேப்பரை மடித்துக்கொண்டு எழுந்திருப்பார்.

இப்போது எனக்கு நாவலூரில் ஃபிளாட். தொட்டி நிரம்பி அடங்கும்வரை நின்றுவிட்டுத்தான் இன்றைக்கும் வெளியே வருகிறேன். கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்க யாரும் இல்லை.