திங்கட்கிழமை டூட்டிக்கு வரும் ஆவி

திங்கட்கிழமை காலை, பஸ் கம்பெனி வாசலில் கூட்டம் நெருக்கித் தள்ளியது. பஸ் ஏற வந்த கூட்டம் இல்லை, சர்வர் சாமியாரைப் பார்க்க வந்த கூட்டம். கம்ப்யூட்டரைப் பிடித்த பேயை ஓட்டுவாராம் மனுஷன். ஒரு டிரைவர் வீட்டுப் பிரிண்டரையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். வெறும் வெள்ளைத் தாளாகத் துப்புகிறதாம்.

விவகாரம் இதுதான். எந்த டிரைவருக்கு எந்த பஸ் என்று காலையில் செல்போனுக்குச் செய்தி அனுப்ப, ஆபீஸ் கம்ப்யூட்டர்க்காரி ஒரு புரோகிராம் எழுதியிருந்தாள். அவள் உட்கார்ந்து ஓட்டினால் சமர்த்தாக ஓடும். அதையே சர்வர் என்கிற ஆபீஸின் பொதுக் கம்ப்யூட்டரில், ஆள் இல்லாமல் பின்னணியில் தானாக ஓடும் சர்வீஸாகப் போட்டால் படுத்துவிடும்.

"எழுதின கை ராசியில்லாத கை," என்று சாமியார் வேறு கொளுத்திப் போட்டிருந்தார்.

"இன்னொரு திங்கள் இப்படி நின்னுச்சுன்னா, உன் புரோகிராமும் வேண்டாம், நீயும் வேண்டாம்மா," என்றார் மேனேஜர். நாலு வருஷம் அலைந்து வாங்கிய வேலை.

திங்கள்தோறும் சாமியார் சர்வர் அறையிலிருந்து எல்லாரையும் வெளியே தள்ளிக் கதவைச் சாத்துவார். பத்து நிமிஷம் முணுமுணுப்பு. திறந்தால் செய்தி பறக்கும், கீபோர்டில் சிவப்புக் கயிறு கட்டியிருக்கும். "பழைய இன்ஜினியரோட ஆவி. கட்டிட்டேன், தொடாதீங்க." வாரம் முழுக்க ஓடும், திங்கள் நிற்கும். "யாரோ தொட்டுட்டாங்க," என்பார். தொட்டது யார் என்று ஆபீஸே ஒருவரையொருவர் முறைத்துக்கொள்ளும். மூன்று வாரமாக இதே கூத்து.

அதென்ன ஆவி, கரெக்டாகத் திங்கட்கிழமை டூட்டிக்கு வருகிறது? அவளுக்கு உறைத்தது. ஞாயிறுதோறும் சர்வரை அணைத்து மறுபடி போடுவது ஆபீஸ் வழக்கம்.

அன்றும் கதவு திறந்தது, கயிறு தெரிந்தது, கூட்டம் கும்பிட்டது.

"சாமி, கயிறு அப்படியே இருக்கட்டும். சர்வரை மட்டும் ஒருதடவை அணைச்சுப் போடலாமா?"

"ஆவி கோவிச்சுக்கும்மா."

"அதான் கட்டிட்டீங்களே சாமி, கோவிச்சுக்கிட்டு என்ன பண்ணும்?"

டிரைவர்கள் சிரித்துவிட்டார்கள். மேனேஜர் தலையாட்டினார். அணைத்துப் போட்டார்கள். கயிறு இருந்தது, புரோகிராம் ஓடவில்லை.

யார் எப்போது என்ன செய்தார் என்று சர்வர் தானே குறித்து வைக்கும் பதிவேட்டைத் திறந்து காட்டினாள். உள்ளே போன சாமியார் மேனேஜரின் பாஸ்வேர்டைப் போட்டு, அவளுடைய ஃபோல்டருக்குள் போய் புரோகிராமைக் கையால் ஓட்டிவிட்டிருக்கிறார். யாரும் அதை மூடிவிடக் கூடாதே, அதற்குத்தான் கயிறு.

"பாஸ்வேர்டை யார் சார் கொடுத்தது?"

"ஆவி கேட்குதுன்னு சொன்னாரும்மா," என்று மேனேஜர் தரையைப் பார்த்தார்.

அப்புறம் அவள் புரோகிராமில் ஒரே ஒரு வரி சேர்த்தாள்: கிளம்பும்போது எந்த ஃபோல்டரில் நிற்கிறாய் என்று எழுதி வை. சர்வீஸாகப் போட்டதும் எழுதியது. நின்ற இடம் சிஸ்டத்தின் ஃபோல்டர், டிரைவர் பட்டியல் இருந்ததோ அவளுடைய ஃபோல்டரில். பக்கத்து வீட்டில் நின்றுகொண்டு நம் வீட்டு அலமாரியைத் தேடினால் கிடைக்குமா?

"தப்பு என்னோடதுதான் சார். பட்டியலுக்கு முழு விலாசம் கொடுக்கல."

கொடுத்தாள். மறுபடி அணைத்துப் போட்டார்கள். யாரும் கை வைக்கவில்லை. அத்தனை டிரைவர் பாக்கெட்டிலும் ஒரே நேரத்தில் மணி அடித்தது. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. சாமியார் பின்வாசல் வழியாக எப்போதோ போயிருந்தார்.

"அப்போ என் பிரிண்டர் பேயை யார்க்கா ஓட்டுறது?" என்றார் பிரிண்டர் டிரைவர்.

"மூடியைத் திறந்து மை இருக்கான்னு பாருங்கண்ணே. அப்படியே உங்க தலையையும் ஒருதடவை திறந்து பாருங்க, ரொம்ப நாளா மூடியே கிடக்கு."